ஹீட்டர் போட்டால் ஆர்சிசிபி விழுகிறது, கான்ட்ராக்டர் பாக்கி கேட்கிறார். கொடுக்கலாமா?

கேள்வி:
வணக்கம். குளியலறை ஹீட்டருக்குத் தனி லைன் இழுத்து, போர்டில் ஆர்சிசிபி (கரன்ட் எர்த்துக்குக் கசிந்தால் லைனைத் தானாக வெட்டும் சுவிட்ச்) மாட்டும் வேலையை ஒரு கான்ட்ராக்டரிடம் கொடுத்தேன். பேசின தொகையில் 80% கொடுத்தாச்சு. ஹீட்டர் சுவிட்சைப் போட்டதும் ஆர்சிசிபி விழுந்துவிடுகிறது. கூப்பிட்டால், "ஹீட்டர்தான் பழுது, பாக்கியைக் கொடுங்க, வந்து பார்க்கிறேன்" என்கிறார். அவருடைய ஆள், ஆர்சிசிபியை விட்டுவிட்டு டைரக்டா கொடுத்துடலாம் என்கிறார். லைசென்ஸ் கேட்டதற்கு ஒரு போட்டோ அனுப்பினார். அதில் வேறொருவர் பெயர் இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருக்கிறது, பயமாக இருக்கிறது. பாக்கியை நிறுத்தி வைக்கலாமா? வேறு ஆளை வைத்துச் சரிபண்ணலாமா?

பதில் 1:
டைரக்டா மட்டும் கொடுக்க விடாதீங்க. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, அந்த அளவு கசிந்தால் 0.3 விநாடிக்குள் விழணும். ஈரக் கையோட நிற்கிற குழந்தைக்கு அதுதான் காவல்.

முதலில் பழுது யாருடையது என்று பாருங்க. ஹீட்டரைக் கழற்றிவிட்டு அதே பாயின்டில் இஸ்திரிப் பெட்டியைப் போடுங்க. அது ஓடினால் ஹீட்டர் எலிமென்ட் போயிருக்கு, கான்ட்ராக்டரைக் குறை சொல்ல முடியாது. அதற்கும் விழுந்தால் லைனில் நியூட்ரலும் எர்த்தும் எங்கேயோ தொடுது. லோடு இல்லாதப்ப சும்மா இருக்கும், லோடு போட்டதும் கரன்ட்டில் ஒரு பங்கு எர்த் வழியாத் திரும்பும், உடனே விழும். ஆர்சிசிபியை ஆஃப் பண்ணி, லோடெல்லாம் கழற்றி, 500 வோல்ட் மெக்கர் (ஒயர் தோலின் காப்பை அளக்கிற கருவி) வைக்கச் சொல்லுங்க. ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே 1 மெகாஓமுக்குக் குறையக் கூடாது.

பதில் 2:
வேறு ஆள் கை வைப்பதற்கு முன் போட்டோ எடுத்து, மெக்கர் அளவை எழுதி வாங்கி வையுங்கள். இல்லையென்றால் "அவர்தான் கெடுத்தார்" என்று பேச்சு திரும்பிவிடும்.

லைசென்ஸில் மூன்று விஷயம் பாருங்கள்: பெயர், காலாவதித் தேதி, எந்த வேலைக்குக் கொடுத்தது. லைசென்ஸ் கொடுத்த துறையிலேயே நம்பரைச் சரிபார்க்கலாம். வேறொருவர் பெயர் என்பதாலேயே மோசடி ஆகாது, அவர் மேற்பார்வையில் வேலை நடந்திருக்கலாம். ஆனால் அவர் எழுத்தில் பொறுப்பேற்கணும். இந்தச் சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில், லைசென்ஸ் தேவைப்படும் வேலையை அது இல்லாமல் செய்தவர் கூலி கேட்டு வழக்கே போட முடியாது. எல்லா ஊரிலும் அப்படியில்லை.

பாக்கி முழுவதையும் பிடித்து வைக்காமல், பழுதைச் சரிசெய்யும் செலவு அளவுக்கு நிறுத்துங்கள். என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரிசெய்யணும் என்று எழுதி அனுப்புங்கள். போனில் பேசினதைப் பிறகு நிரூபிப்பது கஷ்டம்.

கேட்டவர்:
இஸ்திரிப் பெட்டிக்கும் விழுந்தது. மெக்கரில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே கிட்டத்தட்ட பூஜ்யம். சுவிட்ச் பெட்டியைத் திறந்தோம். மூடியின் ஸ்க்ரூ நியூட்ரல் ஒயரின் தோலைக் கிழித்து, செம்பு பளபளவென்று தெரிந்தது. எர்த் கொடுத்த இரும்புப் பெட்டி, ஸ்க்ரூ வழியாக ரெண்டும் சேர்ந்துவிட்டது. போட்டோவையும் கடிதத்தையும் அனுப்பினேன். கான்ட்ராக்டர் மறுநாளே வந்து அந்தத் துண்டு ஒயரை மாற்றிவிட்டார். இப்போது ஆர்சிசிபி விழாமல் நிற்கிறது. பாக்கியில் பாதி கொடுத்தேன். லைசென்ஸ்காரர் கையெழுத்துப் போட்ட டெஸ்ட் ரிப்போர்ட் வந்ததும் மீதி என்று எழுதிக் கொடுத்து, கான்ட்ராக்டரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி.

பதில் 1:
ஆர்சிசிபியில் இருக்கிற டெஸ்ட் பட்டனை அப்பப்போ அமுக்கிப் பாருங்க. விழலைன்னா உடனே மாற்றுங்க.