மறு: பாலிப் என்பதற்கு 'முகிழ்' சரிவருமா?

> 'விழுதுக்கட்டி' என்றே வைத்துக்கொள்ளலாம். ஆலம்விழுது மாதிரி தொங்குகிறது அல்லவா?

அனைவருக்கும் வணக்கம். இரைப்பை, குடல், மூக்கு போன்றவற்றின் உட்சவ்விலிருந்து புடைத்து வளரும் திசுவைத்தான் பாலிப் (polyp) என்கிறோம். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ஒருவர் சொன்ன யோசனை மேலே இருக்கிறது.

விழுது நல்ல சொல்தான். ஆனால் இரைப்பையில் வரும் பாலிப்புகளில் தொங்காதவை நிறைய. ஒமெப்ரசோல் போன்ற, இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளை நெடுநாள் சாப்பிடுபவர்களுக்கு இரைப்பையின் மேற்பகுதியில் வருபவை பெரும்பாலும் சில மில்லிமீட்டர் மேடுகள்தான்.

'கட்டி' எனக்கு அதைவிட உறுத்துகிறது. அம்மாவின் எண்டோஸ்கோப்பி அறிக்கையைப் படித்துச் சொல்லும்போது நான் அந்தச் சொல்லைத்தான் சொன்னேன். புற்றுநோய் என்றே நினைத்துவிட்டார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவருக்கு இருந்தது மேலே சொன்ன வகை, தீங்கில்லாதது.

'சதை வளர்ச்சி' மக்கள் வாயில் இருக்கும் சொல். மூக்கில் வருவதற்கு அது போதும். இரைப்பையில் தசைப் படலத்திலிருந்தே கிளம்பும் கட்டிகள் தனியாக உண்டு. அங்கே குழப்பம் வரும்.

ஆகவே 'முகிழ்'. காம்புள்ள முகிழ், காம்பற்ற முகிழ் என்று தாவரவியல் வழக்கையே எடுத்தாளலாம். சுருக்குக் கம்பியை மாட்டி எடுப்பது எளிதா என்பது காம்பைப் பொறுத்தது என்பதால் மருத்துவருக்கும் இந்தப் பிரிவு வேண்டும்.

'அரும்பு' ஏன் கூடாது என்று ஒருவர் கேட்டிருந்தார். நாக்கில் சுவையரும்பு ஏற்கெனவே இருக்கிறது. குரோங்கைட்-கனடா நோயைப் பற்றி எழுதிப் பாருங்கள், சிக்கல் தெரியும். வயிறு, குடல் முழுக்கப் பாலிப்புகள், ஓயாத வயிற்றுப்போக்கு, முடி கொட்டுதல், நகம் உதிர்தல், கூடவே சுவை தெரியாமல் போவது. அரும்பு பெருகிச் சுவையரும்பு கெட்டது என்று எழுத முடியுமா? (இதிலுள்ள கனடா நாடு அல்ல. 1955இல் இந்நோயை விவரித்த இருவரில் ஒருவரின் பெயர். 'கனடா நாட்டு நோய்' என்று யாரும் பெயர்த்துவிட வேண்டாம்.)

இந்த நோய்க்காகவே இன்னொரு சொல்லும் தேவை: முகிழிடைச் சவ்வு. முகிழ்களுக்கு நடுவே இயல்பாகத் தோன்றும் இடத்திலும் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். குரோங்கைட்-கனடாவில் அந்த இடமும் வீங்கி அழற்சியோடு இருக்கும். இளம்பருவப் பன்முகிழ் நோயில் (juvenile polyposis) பொதுவாக அப்படி இருக்காது. முகிழை மட்டும் கிள்ளி எடுத்தால் நுண்ணோக்கியில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியும். சிகிச்சையோ வேறு. முன்னதற்கு ஸ்டீராய்டும் ஊட்டமும் தருகிறார்கள். பின்னது பரம்பரையாக வருவது, புற்று வருகிறதா என்று குடும்பத்தாரையும் கண்காணிக்க வேண்டும்.

'பன்முகிழ் நோய்' என்று எழுதும்போதே எனக்கு நாக்கில் ஒட்டிக்கொண்டது. மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

அப்புறம், ஹாமர்டோமாவுக்கு இன்னும் சொல் அமையவில்லை. அந்த இடத்துக்கே உரிய திசுதான், ஒழுங்கு மாறி வளர்ந்திருக்கும். 'தன்திசுப் பிறழ்வு' என்று எழுதிப் பார்த்தேன், நீளமாக இருக்கிறது. சுருக்க வழி உண்டா?