மூன்று பீர் கிட் போட்டும் அதே பிளாஸ்திரி வாடை: தண்ணீரா, ஈஸ்டா, டின்னா?

மூன்றாவது வாளி:

மால்ட் எக்ஸ்ட்ராக்ட் (முளைகட்டிய பார்லியிலிருந்து எடுத்த பாகு) டின்னும் ஈஸ்டும் சேர்ந்து வரும் கிட் வைத்து இதுவரை மூன்று தடவை பீர் போட்டுவிட்டேன். மூன்றுமே குடிக்க முடிகிறது, ஆனால் மூன்றிலும் ஏதோ இடிக்கிறது. விஷயம் தெரிந்த ஒருவரிடம் கேட்டால், "கிட் பீர் அப்படித்தான் இருக்கும்" என்கிறார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஒவ்வொரு தடவையும் மூன்று வாரம் காத்திருந்து குடிக்கிறேன், என்ன தவறு என்றாவது தெரியவேண்டும்.

செய்ததை அப்படியே எழுதுகிறேன். கசப்புக்கான ஹாப்ஸ் பூ ஏற்கெனவே சேர்த்த வெளிர்நிற ஏல் (பீரில் ஒரு வகை), 1.7 கிலோ டின். கூடவே 1 கிலோ வெள்ளைச் சர்க்கரை. இரண்டையும் வெந்நீரில் கரைத்து, மீதிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றி 23 லிட்டர் ஆக்கினேன். அப்போது சூடு 29 டிகிரி. மூடிக்கு அடியில் இருந்த ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்து மேலே தூவினேன். அறை வெப்பம் 26 டிகிரி. கரைசலின் அடர்த்தியைக் காட்டும் ஹைட்ரோமீட்டர் ஆரம்பத்தில் 1.039, நான்காம் நாள் 1.006. மூடியில் வாயு வெளியேறும் ஏர்லாக்கில் குமிழி நின்றதும் ஆறாம் நாளே பாட்டிலில் அடைத்தேன். வாளி, பாட்டில் எல்லாம் ப்ளீச் கலந்த தண்ணீரில் ஊறவைத்து, குழாய்த் தண்ணீரில் ஒரு தடவை அலசியவை.

இரண்டு வாரம் கழித்துத் திறந்தேன். முதல் வாயில் பச்சை ஆப்பிளைக் கடித்த மாதிரி ஒரு ருசி, அதோடு நீர்த்துப்போன உணர்வு. விழுங்கிய பிறகு, புதுப் பிளாஸ்திரியைப் பிரிக்கும்போது வருமே, அந்த மருந்து வாடை நாக்கின் பின்பக்கம் வெகுநேரம் நிற்கிறது. இது ஒரே குறையா, இரண்டா? கிருமி புகுந்துவிட்டதா?

நிதான ஏல்:

இரண்டு குறை. ஆப்பிளைப் பற்றி நான் சொல்கிறேன், பிளாஸ்திரியை மற்றவர்கள் பார்க்கட்டும்.

பச்சை ஆப்பிள் ருசி அசிட்டால்டிஹைட். ஈஸ்ட் சர்க்கரையை ஆல்கஹால் ஆக்கும் வழியில் கடைசிக்கு முந்தைய படி அது. நொதித்தல் முடியும் சமயத்தில் ஈஸ்டே அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளும், அதற்கு நாள் கொடுக்கவேண்டும். நீங்கள் ஆறாம் நாளே அடைத்துவிட்டீர்கள். குமிழி நிற்பது எதற்கும் அடையாளம் இல்லை, மூடி கொஞ்சம் கசிந்தால்கூட நின்றுவிடும். இரண்டு மூன்று நாள் இடைவெளியில் ஹைட்ரோமீட்டர் ஒரே எண்ணைக் காட்டவேண்டும். அப்புறமும் சில நாள் விடுங்கள். நான் இரண்டு வாரத்துக்கு முன்னால் வாளியைத் தொடுவதே இல்லை.

அடுத்தது சூடு. பல கிட்டுகளின் காகிதத்தில் 21 முதல் 27 டிகிரி வரை என்று போட்டிருப்பார்கள். சீக்கிரம் முடியவேண்டும் என்பதற்கான கணக்கு அது, ருசிக்கானது இல்லை. நொதிக்கும்போது ஈஸ்டே வெப்பத்தை உண்டாக்கும். அறை 26 என்றால் வாளிக்குள் 29, 30 கூட இருந்திருக்கலாம். அந்தச் சூட்டில் வாழைப்பழ வாசமும், தொண்டையில் எரிகிற கனமான ஆல்கஹால்களும் வரும். சாதாரண ஏல் ஈஸ்டுக்கு 18 முதல் 20 வரை வையுங்கள், முக்கியமாக முதல் மூன்று நாள். வாளியைத் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்தி, ஈரத்துணி சுற்றி, ஐஸ் பாட்டில் மாற்றிக்கொண்டே இருந்தால் குளிர்பெட்டி இல்லாமலும் இது முடியும்.

நீர்த்துப்போனதற்குக் காரணம் அந்த 1 கிலோ சர்க்கரை. அது முழுதாக நொதித்துப்போகும், பின்னால் எதையும் விட்டுவைக்காது. அதற்குப் பதில் 1 கிலோ உலர் மால்ட் போட்டால் கடைசி எண் 1.010 பக்கம் நிற்கும். வாயில் வித்தியாசம் உடனே தெரியும்.

ஹாப்ஸ் கொடி:

பிளாஸ்திரி வாடையால் நான் இரண்டு வாளி பீரைக் கொட்டியிருக்கிறேன். உங்களை மாதிரியே கிருமி என்று நினைத்து, வாளி, குழாய், மூடி எல்லாம் புதிதாக வாங்கினேன். மூன்றாவதிலும் அதே வாடை. அப்போதுதான் மாற்றாத ஒரே பொருள் தண்ணீர் என்று உறைத்தது.

குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரின், மால்ட்டிலும் ஈஸ்டிலும் இருந்து வரும் ஃபீனால் என்ற சேர்மங்களோடு சேர்ந்தால் குளோரோஃபீனால் ஆகும், அந்தப் பிளாஸ்திரி வாடை அதுதான். நூறு கோடியில் சில பங்கு இருந்தாலே நாக்குக்குத் தெரிந்துவிடும். அதனால் தண்ணீரைக் குடித்துப் பார்த்து "நன்றாகத்தானே இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள். உங்கள் விஷயத்தில் ப்ளீச் வேறு, அதிலும் குளோரின்தான். ஒரு தடவை அலசியது போதாது, அலசியதும் அதே குழாய்த் தண்ணீர்.

வெறும் குளோரின் என்றால் கொதிக்கவைத்தாலோ, திறந்த பாத்திரத்தில் ஒரு இரவு வைத்தாலோ பெரும்பாலும் போய்விடும். ஆனால் பல ஊர்களில் அதை அம்மோனியாவோடு சேர்த்துக் குளோரமினாக விடுகிறார்கள். அது அவ்வளவு லேசில் போகாது. இரண்டுக்கும் ஒரே மருந்து கேம்ப்டன் மாத்திரை, அதாவது மெட்டாபைசல்ஃபைட். 23 லிட்டருக்கு அரை மாத்திரையே தாராளம். பொடித்துப் போட்டுக் கலக்கினால் சில நிமிடத்தில் வேலை முடிந்தது. டின்னைக் கரைப்பதற்கு முன்னால் போடவேண்டும், குளோரோஃபீனால் உண்டான பிறகு போட்டுப் பயனில்லை. ப்ளீச்சை விட்டுவிட்டு அலசத் தேவையில்லாத அமிலக் கிருமிநாசினிக்கு மாறுங்கள்.

இன்னொன்று. மிச்சமிருக்கும் பாட்டில்களைக் கொட்டாதீர்கள். வாரம் ஒன்று திறந்து குறித்து வையுங்கள். பாட்டிலுக்குள் இருக்கும் ஈஸ்ட் ஆப்பிளை மெல்லக் குறைக்கும். பிளாஸ்திரி குறையாது, எத்தனை மாதம் வைத்தாலும் அப்படியேதான் இருக்கும். இரண்டும் வேறு வேறு என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி கிடையாது.

பழைய டின்:

டின்னின் தேதியையும் பாருங்கள். திரவ மால்ட் டின்னுக்குள்ளேயே வயதாகிக்கொண்டிருக்கும். நிறம் கறுக்கும், மை மாதிரி, உலோகம் மாதிரி ஒரு ருசி ஏறும். "கிட் ருசி" என்று பலரும் சொல்வதில் பெரும்பங்கு இதுதான் என்பது என் அனுபவம். வெளிர்நிறம் என்று எழுதியிருக்கும் பீர் செம்பு நிறத்தில் வந்தால் டின்னைச் சந்தேகப்படுங்கள். மூடிக்கு அடியில் இருக்கும் ஈஸ்டுக்கும் அதே வயதுதான், அளவும் 5 முதல் 7 கிராம்தான். நான் 11 கிராம் பாக்கெட் தனியாக வாங்கிப் போடுகிறேன்.

மூன்றாவது வாளி:

ஏழு வாரம் கழித்துத் திரும்ப வருகிறேன். சொன்னதை எல்லாம் செய்தேன், ஆனால் தண்ணீரை மட்டும் தனியாகச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டேன். அதே கிட்டில் ஒரு டின், 1 கிலோ உலர் மால்ட். கரைத்த கூழைச் சரிபாதியாக இரண்டு வாளியில் பிரித்தேன். ஒன்றில் வெறும் குழாய்த் தண்ணீர், மற்றதில் கால் மாத்திரை போட்ட தண்ணீர், தலா 11.5 லிட்டர். கரைக்க எடுத்த தண்ணீரிலும் மாத்திரை போட்டிருந்தேன், அதனால் முதல் வாளியில் குளோரின் கொஞ்சம் குறைவுதான். புது ஈஸ்ட் பாக்கெட்டைப் பாதிப் பாதி தூவினேன். இரண்டும் ஒரே தொட்டியில், 19 டிகிரியில், 15 நாள். அலசத் தேவையில்லாத கிருமிநாசினி.

எது எது என்று எனக்குத் தெரியாமல் மனைவி ஆறு கிளாஸில் ஊற்றிக் கொடுத்தார். ஆறையும் சரியாகப் பிரித்துவிட்டேன். மாத்திரை போட்டதில் பிளாஸ்திரி துளியும் இல்லை. மற்றதில் இருக்கிறது, ஆனால் முன்பு இருந்ததில் பாதிகூட இல்லை. ப்ளீச்சும் தன் பங்கைச் செய்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்கிறேன். இரண்டிலும் ஆப்பிள் இல்லை, நீர்த்தன்மையும் இல்லை.

பழைய பாட்டில்களையும் வாரம் ஒன்றாகத் திறந்தேன். ஐந்தாவது வாரம் ஆப்பிள் அநேகமாகப் போய்விட்டது. பிளாஸ்திரி நேற்றுத் திறந்ததிலும் அப்படியே இருந்தது.

நல்ல வாளியில்கூடக் கடைசியில் லேசாக மை மாதிரி ஒரு கசப்பு தங்குகிறது. டின்னைக் குப்பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன், காலாவதிக்கு இரண்டே மாதம் இருந்தது. அடுத்ததற்குப் புதுத் தேதி உள்ள டின் வாங்கி வைத்திருக்கிறேன்.