எல்லாத்தையும் அணைத்த பிறகும் மீட்டர் ஓடுது, யூனிட் எங்கே போகுது?

மொட்டைமாடி:
மேல்தள வீடு, நான்கு பேர். மாதம் 520 யூனிட் வருகிறது. 1.5 டன் இன்வெர்ட்டர் ஏசி இரவு 8 மணி நேரம் ஓடும். பழைய சீலிங் ஃபேன் 4, 250 லிட்டர் ஃப்ரிட்ஜ், 25 லிட்டர் கீசர், 1 எச்பி மோட்டார். லைட் எல்லாம் எல்இடிக்கு மாற்றியாச்சு. ராத்திரி எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தாலும் மீட்டரில் சிவப்பு லைட் விட்டு விட்டு மின்னுது. முதலில் எதில் கைவைக்கணும், ஃப்ரிட்ஜா ஃபேனா? பிளக்கில் சொருகினாலே பில் குறையும் என்று ஒரு பெட்டி விற்கிறாங்களே, அதில் பலன் உண்டா?

திருப்புளி:
பெட்டி வேண்டாம். உள்ளே இருப்பது ஒரு கெப்பாசிட்டர், ஒரு சின்ன லைட், அவ்வளவுதான். அது பவர் ஃபேக்டரைத் திருத்தும், அதாவது லைனில் வந்து வேலை செய்யாமலே திரும்பும் கரண்டைக் குறைக்கும். உங்க மீட்டர் எண்ணுவது கிலோவாட் மணியை, அதாவது நிஜமாகச் செலவான கரண்டை. அதில் ஒரு யூனிட்கூட இதனால் குறையாது.

எதையும் வாங்குவதற்கு முன் அந்த சிவப்பு லைட்டை வைத்தே அளந்துடுங்க. மீட்டர் முகப்பில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று 1600, 3200 மாதிரி ஒரு எண் அச்சிட்டிருக்கும். 3200 என்றால், இரண்டு மின்னலுக்கு நடுவில் உள்ள விநாடியால் 1125ஐ வகுங்க. வருவதுதான் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட். 1600 என்றால் 2250ஐ வகுக்கணும். ஒரே மின்னலை நம்பாதீங்க, பத்து இடைவெளிக்கு ஆகும் நேரத்தைப் பார்த்துப் பத்தால் வகுத்துக்குங்க. கம்ப்ரஸர் ஓடி ஓடி நிற்கும் என்பதால் அளக்கும் பத்து நிமிஷம் ஃப்ரிட்ஜ் பிளக்கைக் கழற்றி வைங்க.

24 மணி நேரமும் ஓடும் 10 வாட், மாதத்துக்கு 7.2 யூனிட். செட்டாப் பாக்ஸ், வைஃபை ரூட்டர், டிவி, ஏசி ஸ்டாண்ட்பை எல்லாம் சேர்ந்து 30, 40 வாட் வருவது சகஜம். அதற்கு மேல் போனால் மெயின் பெட்டியில் ஒவ்வொரு லைனுக்கும் இருக்கும் சுவிட்சை (எம்சிபி) ஒவ்வொன்றாக இறக்கி, எதை இறக்கும்போது மின்னல் மெதுவாகுது என்று குறித்துக்குங்க. மெயினையே அணைத்த பிறகும் மின்னினால், மெயினுக்கு முன்னாலேயே ஏதோ இணைப்பு இருக்கு, இல்லை மீட்டர் கோளாறு. ரெண்டுமே மின் அலுவலகம் வந்து பார்க்க வேண்டிய விஷயம், சீலைத் தொடாதீங்க.

ஃபேன் கணக்கு இது. பழைய ஃபேன் முழு வேகத்தில் 75 வாட், பிஎல்டிசி ஃபேன் (பிரஷ் இல்லாத டிசி மோட்டார் உள்ளது) 30 வாட் சுமார். நாலு ஃபேன், நாளுக்கு 12 மணி என்றால் மாதம் 65 யூனிட் மிச்சம். அதனால் ஃப்ரிட்ஜுக்கு முன்னால் ஃபேன், அதிலும் அதிக நேரம் சுற்றுவது முதலில். பிஎல்டிசி போடும்போது சுவரில் உள்ள ரெகுலேட்டரை விலக்கி, சுவிட்சில் இருந்து நேராக வயரைக் கொடுக்கணும். ரெகுலேட்டர் வழியாகக் கொடுத்தால்தான் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு போகுது.

பனிக்கட்டி:
ஃப்ரிட்ஜை மாற்றும் முன் கதவு ரப்பரைப் பாருங்க. ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுங்க, பிடிமானத்தோடு வரணும். இப்படி ஒரு சாண் இடைவெளியில் சுற்றிலும். கீல் பக்கத்தை மறந்துடாதீங்க, பெரும்பாலும் அங்கேதான் மடிந்து கிடக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணியில் பழைய டூத் பிரஷ்ஷால் மடிப்புக்குள் அழுக்கை எடுங்க. மடிந்த இடத்தில் ஹேர் டிரையரை ஒரு கை தள்ளிப் பிடித்து, ரப்பர் இளகியதும் அதன் விளிம்பை வெளியே இழுத்து விட்டுக் கதவை மூடி ஆற விடுங்க. கிழிந்திருந்தால் மட்டும் புது ரப்பர். முன்கால் ரெண்டையும் துளி உயர்த்தினால் கதவு தானாகவே சாத்திக்கும். கீழே 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18. அதற்கு மேல் குளிர வைப்பது வீண்.

கீசருக்கும் கணக்கு இருக்கு. 20 லிட்டர் வாளித் தண்ணீரை 25 டிகிரியில் இருந்து 40க்கு ஏற்ற 0.35 யூனிட். ஆளுக்கு ஒரு வாளி என்றால் மாதம் 42 யூனிட். அதற்கு மேல் போகிறது எல்லாம் டேங்கில் ஆறி வீணாவதும் ஷவரில் ஓடுவதும். 25 லிட்டர் முழுக்க 55 டிகிரிக்கு ஏற தண்ணீரைச் சூடேற்றும் 2 கிலோவாட் காயிலுக்கு 26 நிமிஷம் போதும், குளிக்கும் முன் போட்டு உடனே அணைங்க. நாள் முழுக்க வெதுவெதுப்பாக 40 டிகிரியில் விட்டு வைப்பது மட்டும் கூடாது, தண்ணீரில் கிருமி வளர ஏற்ற சூடு அதுதான். காயிலில் உப்பு படிந்தால் கரண்ட் அதிகம் தின்னும் என்பார்கள். காயில் தண்ணீருக்குள்தானே இருக்கு, சூடு எப்படியும் தண்ணீருக்குத்தான் போகும். நஷ்டம் வேறு: உப்புக்கு அடியில் காயில் அளவுக்கு மீறிச் சூடாகி உறை வெடிக்கும்.

மோட்டார் அடிக்கடி ஓடினால் டாய்லெட் ஃப்ளஷ் டேங்கில் கொஞ்சம் சாயம் கரைத்து அரை மணி நேரம் தொடாமல் விடுங்க. கோப்பையில் நிறம் இறங்கினால் வாஷர் போய்த் தண்ணீர் கசியுது.

வெயில்தடுப்பு:
மேல்தளம் என்பதை யாருமே தொடலையே. தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை ராத்திரிதான் அறைக்குள் இறக்கும், உங்க ஏசி ஓடுவது அதே 8 மணி நேரம். வெயிலைத் திருப்பும் வெள்ளைப் பெயின்ட் அடிங்க. அடிப்பதைவிட அதற்கு முந்தைய வேலைதான் முக்கியம்: பாசியைப் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவணும், விரிசலை அடைக்கணும், தண்ணீர் தேங்கும் பள்ளத்தைச் சரிசெய்யணும், தளம் நன்றாகக் காயணும். ஈரத்தில் அடித்தால் கொப்புளம் விடும். நடுப்பகலில் கொதிக்கும் தளத்தில் அடித்தால் ஒட்டும் முன்பே காய்ந்து உரியும், அதனால் காலையிலேயே ஆரம்பிங்க. பிரைமர், பிறகு ரெண்டு கோட்டு, ஒன்றுக்கொன்று குறுக்காக. தூசி படிந்தால் பலன் குறையும், வருஷத்துக்கு ஒரு முறையாவது கழுவி விடுங்க.

மேற்கு ஜன்னலுக்கு நிழல் வெளியே இருக்கணும். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி அறைக்குள் வந்த பிறகு தடுக்கிற மாதிரிதான்.

ஏசியை 26இல் வைத்து ஃபேனைச் சுற்ற விடுங்க, ஃபில்டரை ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்க. குழாயில் ஐஸ் பிடித்தால் முதலில் ஃபில்டர் அடைப்பைப் பாருங்க. அது சுத்தமாக இருந்தும் பிடித்தால் வாயு குறைவாக இருக்கலாம். வாயு தானாகத் தீராது, எங்கேயோ கசியுது. வெளி யூனிட்டில் குழாய் சேரும் நட்டில் சோப்பு நுரை வைத்தாலே பல நேரம் தெரிஞ்சிடும். கசிவை அடைக்காமல் நிரப்ப விடாதீங்க.

மொட்டைமாடி:
அளந்தேன், 3200 மீட்டர். எல்லாம் அணைத்த நிலையில் 10 இடைவெளிக்கு 110 விநாடி. கீசர் எம்சிபியை இறக்கியதும் 250 விநாடி ஆச்சு. ஆனா கீசர் சுவிட்ச் அணைந்துதான் இருந்தது!

திருப்புளி:
102 வாட் 45 ஆகியிருக்கு. 57 வாட், மாதம் 41 யூனிட். யூனிட்டை விடுங்க, அந்த எம்சிபியை இனி ஏத்தாதீங்க.

காயில் உறை வெடித்து எர்த்துக்குக் கசியுது. சுவிட்சை அணைத்தும் கசிவதால், சுவிட்சை கரண்ட் வரும் வயரில் (பேஸ்) போடாமல், திரும்பும் வயரில் (நியூட்ரல்) போட்டிருக்காங்க என்றுதான் தோணுது. காயில் எப்போதும் உயிரோடவே இருக்கு. கணக்குப்படி கால் ஆம்பியர் எர்த்துக்குப் போகுது. எர்த் வயர் எங்கேயாவது அறுந்தால் அடுத்த நொடி டேங்கும் குழாயும் ஷாக் அடிக்கும். எர்த்துக்குக் கசிந்தால் தானே இறங்கும் 30 மில்லிஆம்பியர் சுவிட்ச் (ஆர்சிசிபி) இருந்திருந்தால் எப்பவோ இறங்கியிருக்கும்.

எலக்ட்ரீஷியனை மெகரோடு (கசிவைச் சோதிக்கும் கருவி) வரச் சொல்லுங்க. காயில் முனைக்கும் டேங்குக்கும் நடுவில் 500 வோல்ட்டில் சோதித்து, 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் காயிலை மாத்தணும். கூடவே கேஸ்கெட்டும், டேங்க் துருப்பிடிக்காமல் காக்கும் மெக்னீசியம் ராடும். சுவிட்சை எடுத்துவிட்டு பேஸ், நியூட்ரல் ரெண்டையும் சேர்த்து வெட்டும் டபுள் போல் போடச் சொல்லுங்க, ஆர்சிசிபியும் அன்றைக்கே. எல்லாம் முடிந்ததும் அதே பத்து இடைவெளியை மறுபடி எண்ணி இங்கே எழுதுங்க, கீசர் எம்சிபி ஏறிய நிலையிலும் 250க்குப் பக்கத்தில் இருக்கணும்.