நாவல்பழம், களாக்காய்: சாப்பாட்டோடு சேர்க்க என்ன செய்யலாம்?

ஆடிக்கூழ்:
சந்தையில் இப்போது நாவல்பழமும் களாக்காயும் நன்றாக வருகின்றன. உப்புத் தொட்டுத் தின்பது, ஜூஸ், ஊறுகாய் எல்லாம் தெரியும். மதியச் சோற்றோடு போகிற மாதிரி வேண்டும். மூன்று சிக்கல். நாவலை வதக்கித் துவையல் அரைத்தால் கறுத்துப் போய்த் தொண்டையைக் கவ்வுகிறது. தயிர்ப் பச்சடி அரை மணியில் நீர்த்துவிடுகிறது. களாக்காய் போட்ட சாம்பாரில் பருப்பு வேகவே மாட்டேன் என்கிறது. எங்கே பிசகு?

மண்சட்டி:
நாவலில் இருந்து ஆரம்பிக்கிறேன். கவ்வுவதற்குக் காரணம் அதிலுள்ள டானின். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நாக்கை வறள வைக்கும். தோலோடு வதக்கினால் அது இன்னும் நன்றாக இறங்கும். இரும்புச் சட்டி என்றால் கேட்கவே வேண்டாம், இரும்பும் டானினும் சேர்ந்து மை நிறம்தான். எவர்சில்வர், கல்சட்டி, மண்சட்டி இவற்றில் ஏதாவது ஒன்றை எடுங்கள். கொட்டையை எடுக்காமல் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டாலும் கசந்துவிடும். கத்தியால் சுற்றிக் கீறிச் சதையை மட்டும் எடுக்க வேண்டும். நாட்டு நாவலில் கொட்டை பெரிது, சதை குறைவு, துவர்ப்பும் அதிகம். சமையலுக்குப் பெரிய உருட்டு நாவலே லாபம்.

நாவலுக்குப் பொருத்தமான துணை தயிர்தான். அதன் புரதம் டானினை முதலில் பிடித்துக்கொள்வதால் நாக்கு தப்பிக்கும். பெரிய பழம் 15, கொட்டை நீக்கி நறுக்கி, கால் டீஸ்பூன் உப்புப் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். சாறு விடும். நீங்கள் சொல்லும் நீர்ப்பு இந்தச் சாறுதான். தயிருக்குள் போன பிறகு விட்டால் பச்சடி தளரும், முன்பே விட்டுவிட்டால் வடித்துத் தனியாக வைக்கலாம். கெட்டியான, புளிக்காத தயிர் ஒரு கப். தேங்காய் 2 டேபிள்ஸ்பூன், பச்சை மிளகாய் 1, தண்ணீர் விடாமல் அரைத்துக் கலந்து, கடுகு, கறிவேப்பிலை தாளியுங்கள். பழத்தை இலை போடும்போது சேர்த்தால் போதும்.

வடித்த சாற்றைக் கொட்டிவிடாதீர்கள், ரசத்துக்கு ஆகும். வழக்கமான புளியில் பாதி போட்டு ரசம் வைத்து, நுரை கூடியதும் அடுப்பை அணைத்துவிட்டுச் சாற்றை ஊற்றுங்கள். கொதிக்கவிட்டால் மணமும் போகும், நிறமும் மங்கும். உப்பு ஏற்கெனவே சாற்றில் இருக்கிறது, ரசத்தில் குறைத்துப் போடுங்கள்.

கறிவடகம்:
களாக்காய் விஷயம் எளிது. புளிப்பு இருக்கும் தண்ணீரில் பருப்பு குழையாது. புளியை நாம் எப்போது ஊற்றுகிறோமோ அப்போதுதான் களாக்காயும் போக வேண்டும். அரை கப் துவரம்பருப்பைத் தனியாகக் குழைய வேகவைத்து மசித்தபின், இரண்டாகப் பிளந்து விதை நீக்கிய காய் எட்டு அல்லது பத்து. புளியே வேண்டாம். ஐந்தாறு நிமிடக் கொதியில் காய் மெத்தென்று ஆகிவிடும். கடைசியில் சுண்டுவிரல் நுனியளவு வெல்லம்.

நறுக்கும்போது பால் வடிந்து கையும் கத்தியும் பிசுபிசுக்கும். முதலிலேயே நல்லெண்ணெய் தடவிக்கொண்டு, நறுக்கியதை உப்பு, மஞ்சள் கலந்த தண்ணீரில் போட்டு அலசிவிடுங்கள். சாம்பாருக்கும் சட்னிக்கும் பச்சையும் சிவப்புமாக இருக்கும் காய் சரி. கறுத்துக் கனிந்ததில் புளிப்பு இறங்கியிருக்கும், அதை அப்படியே சாப்பிடலாம்.

ஆடிக்கூழ்:
நன்றி இருவருக்கும். துவையலை அப்படியானால் கைவிட வேண்டியதுதானா? ஒரு கிலோ நாவல் வாங்கினால் எத்தனை நாள் தாங்கும்?

மண்சட்டி:
நாவலில் துவையல் வேண்டாம் என்பது என் கட்சி.

வெயில்முற்றம்:
எனக்கு அதில் உடன்பாடில்லை. பழத்தை வதக்காமல் இருந்தால் துவையல் வரும். காய்ந்த மிளகாய் 4, உளுந்து ஒரு டேபிள்ஸ்பூன், தேங்காய் கால் மூடி, இவற்றை மட்டும் வறுத்து அரைத்துவிட்டு, கடைசிச் சுற்றில் பச்சையாக அரை கப் சதை, உப்பு, கொஞ்சம் வெல்லம். சுடுசோற்றில் எண்ணெய் ஊற்றிப் பிசைந்தால் துவர்ப்பு மட்டுப்படும். அன்றே தீர்த்துவிட வேண்டும்.

சேமிப்பு: வாங்கியதும் கழுவாதீர்கள், ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். வெடித்ததைப் பொறுக்கி எடுத்துவிட்டு, அகலமான டப்பாவில் துணி விரித்து ஒரே அடுக்காகப் பிரிட்ஜில் வைத்தால் நான்கைந்து நாள். சாப்பிடும் முன் உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டு அலசுங்கள். மரத்தடியில் பொறுக்கிய ‘சுட்ட பழம்’ என்றால் இரண்டு தடவை. மீதியைக் கொட்டை நீக்கி, சதையை ஐஸ் தட்டில் உறையவைத்தால் ரசத்துக்கு இரண்டு கட்டி எடுத்துப் போடலாம். உருகினால் குழைந்துவிடும் என்பதால் பச்சடிக்கு அது ஆகாது.

மணத்தக்காளி கிடைத்தால் அதையும் விடாதீர்கள். கறுத்துக் கனிந்ததைத் தயிர்சாதத்தில் அப்படியே தூவலாம். பச்சைக் காயைப் பச்சையாகத் தின்னக் கூடாது, வத்தக்குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். முழுசாக எண்ணெயில் போட்டால் வெடித்து முகத்தில் தெறிக்கும், கரண்டியால் லேசாக நசுக்கிவிட்டு வதக்குங்கள்.