அவசரம்: ஓடாத கார், வாங்குபவர் க்யூஆர் ஸ்கேன் பண்ணச் சொல்கிறார், பண்ணலாமா?

மூணாவது_மாடி · சனி, காலை 9.12

வணக்கம். பழைய கார் ஒன்றை ஸ்கிராப்புக்குத் தள்ளிவிட நேற்று இரவு ஆன்லைனில் விளம்பரம் போட்டேன். பத்து நிமிடத்தில் ஒருவர் அழைத்து 48,000 தருகிறேன் என்றார். பேரமே பேசவில்லை. நேரில் பார்க்கவும் வரவில்லை, போட்டோ போதுமாம். இப்போது வாட்ஸ்அப்பில் க்யூஆர் கோடு அனுப்பியிருக்கிறார். ஸ்கேன் பண்ணினால் அட்வான்ஸ் 10,000 ஏறுமாம். சோதனைக்கு ஒரு ரூபாய் அனுப்பினார், அது வந்துவிட்டது. மதியம் ரெக்கவரி வண்டி வருமாம், ஒரிஜினல் ஆர்சி, கையெழுத்துப் போட்ட ஃபார்ம் எல்லாம் தயாராக வைக்கச் சொல்கிறார். நாளைக்குள் வண்டியை எடுக்காவிட்டால் அபார்ட்மெண்ட் அசோசியேஷனில் பிரச்சினை. சீக்கிரம் சொல்லுங்கள்.

ஸ்பேனர்_செட் · 9.20

என்ன கார்? எந்த வருஷம்? எந்த ஊர்? ஏன் ஓடவில்லை?

கிண்டி_கிளட்ச் · 9.21

ஸ்கேன் பண்ணாதீர்கள்!!! பணம் உங்களுக்கு வருவதற்கு ஸ்கேனும் வேண்டாம், பின் நம்பரும் வேண்டாம். பின் போட்டால் பணம் போகும், வராது. அந்த ஒரு ரூபாய்தான் தூண்டில் புழு. போன வருஷம் என் மாமனார் பழைய கட்டில் விற்கப் போய் 9,000 விட்டார். அவருக்கும் முதலில் ஒரு ரூபாய்தான் வந்தது.

பியட்_பத்மினி_87 · மூத்த உறுப்பினர் · 9.34

வாரம் ஒருமுறை இதே கேள்வி. தேடல் பெட்டி என்று மேலே ஒன்று இருக்கிறது தம்பி, அலங்காரத்துக்கு வைக்கவில்லை. மாடல், வருடம், ஆர்சி யார் பெயரில், லோன் பாக்கி, இன்ஷூரன்ஸ் எதுவும் சொல்லாமல் "சீக்கிரம் சொல்லுங்கள்" என்றால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும்.

மூணாவது_மாடி · 9.41

மன்னிக்கவும். சான்ட்ரோ ஜிங், 2007. சென்னை. மிக்ஜாம் புயலில் தண்ணீரில் நின்றது, அதன்பிறகு ஸ்டார்ட் ஆகவே இல்லை. இன்ஷூரன்ஸ் அப்போதே முடிந்துவிட்டது. ஆர்சியின் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து அவருக்கு அனுப்பிவிட்டேன், அது பரவாயில்லைதானே?

ஸ்பேனர்_செட் · 9.50

பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வண்டியின் எடை சுமார் 850 கிலோ. போன மாதம் எங்கள் ஏரியா காயலான் கடையில் கிலோ 24 சொன்னார்கள். சீட்டு, கண்ணாடி, டயர் எதையும் கழிக்காமல் மொத்தமாக இரும்பு என்றே வைத்தாலும் 20,400. வெள்ளத்தில் நின்ற இன்ஜினுக்குப் பார்க்காமலே 48,000 தருகிறவன் வண்டியை வாங்கவில்லை, உங்கள் ஆர்சியை வாங்குகிறான். திருட்டு சான்ட்ரோ ஒன்றில் உங்கள் சேஸிஸ் நம்பரைப் பொறித்து, உங்கள் நம்பர் பிளேட்டை மாட்டி, உங்கள் ஆர்சியோடு விற்றுவிடுவார்கள். பேப்பர் எல்லாம் அசல், வண்டி மட்டும் திருட்டு.

கிண்டி_கிளட்ச் · 9.56

அண்ணா, க்யூஆர் அனுப்புகிறவனுக்கு ஆர்சி எதற்கு? அவன் இருக்கும் இடம் சென்னையே கிடையாது. ரெக்கவரி வண்டி, ஃபார்ம் எல்லாம் நம்ப வைக்கிற நாடகம்.

ஸ்பேனர்_செட் · 9.58

பணமும் போகட்டும், ஆர்சியும் போகட்டும் என்று இரண்டு வேலையும் பார்க்கிற ஆள் இருக்கக் கூடாதா என்ன?

சைலன்சர்_சாமி · 10.03

யாருமே முக்கியமான விஷயத்தைப் பேசவில்லை. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், அதாவது சைலன்சர் குழாயில் புகையைச் சுத்தம் செய்கிற டப்பா! உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருக்கிறது. 2007 வண்டியில் கம்பெனி கன்வெர்ட்டர் அப்படியே இருந்தால் அதற்காகவே ஆள் வருவான். யாருக்கு விற்றாலும் முதலில் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பேனர்_செட் · 10.06

சாமி, அதற்குள் இருப்பது சில கிராம். அதைப் பிரித்தெடுக்க ஆலை வேண்டும். வீட்டில் வைத்து என்ன செய்வார், பேப்பர் வெயிட்டா?

சைலன்சர்_சாமி · 10.09

விலை தெரியாதவர்கள்தான் அப்படிச் சொல்வார்கள்.

மேடவாக்கம்_அக்கா · 10.15

தம்பி, பத்மினி சார் கேட்டதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை. ஆர்சி யார் பெயரில்?

மூணாவது_மாடி · 10.22

அப்பா பெயரில் அக்கா. அவர் 2021ல் காலமாகிவிட்டார். அதை அந்த ஆளிடம் சொன்னேன். "அப்பா கையெழுத்தை நீங்களே போட்டுவிடுங்கள் சார், யார் பார்க்கப் போகிறார்கள்" என்றார்.

மேடவாக்கம்_அக்கா · 10.31

இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! இறந்தவர் கையெழுத்தை நீங்கள் போட்டால் மாட்டுவது நீங்கள்தான், அவன் இல்லை. வெற்று ஃபார்ம் 29, 30ல் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு போகிறவர்கள் பெயர் மாற்றவே மாட்டார்கள். வண்டி ரோட்டில் ஓடினால் சலான் உங்கள் வீட்டுக்கு வரும். எங்காவது இடித்தால் நஷ்டஈடு வழக்கும் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பக்கம்தான் திரும்பும். பலர் கைமாறிய ஒரு வண்டி விஷயத்தில் சுப்ரீம் கோர்ட் 2018ல் இதைத்தான் சொன்னது. "அன்றைக்கே விற்றுவிட்டேன்" என்ற வாதம் எடுபடவில்லை.

வண்டியை வைத்து ஓட்டப் போவதென்றால் ஃபார்ம் 31 போட்டு உங்கள் பெயருக்கு மாற்ற வேண்டும். உடைக்கத்தானே போகிறீர்கள், அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் யார்டுக்குக் கொடுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், தாலுகா ஆபீஸில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ், ஒரிஜினல் ஆர்சி, உங்கள் அடையாள அட்டை, பான் நகல், கேன்சல் செய்த செக் எல்லாம் எடுத்து வையுங்கள். பணம் பேங்கில் வரும். வண்டியை ஒப்படைத்ததற்கு ஒரு சான்றிதழ், உடைத்த பிறகு இன்னொன்று தருவார்கள். வெட்டியெடுத்த சேஸிஸ் நம்பர் துண்டை அவர்களே ஆறு மாதம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்று 2021 விதியில் இருக்கிறது. அம்மா, தங்கை என்று வேறு வாரிசு இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள்.

டோல்கேட்_துரை · 10.44

எதற்கு இவ்வளவு? 15 வருஷம் தாண்டிய வண்டியை எப்படியும் அரசே எடுத்துக்கொண்டுபோய் உடைத்துவிடும். சும்மா இருங்கள்.

பியட்_பத்மினி_87 · மூத்த உறுப்பினர் · 10.52

அரைகுறை. அது டெல்லி என்சிஆர், அதாவது டெல்லியும் சுற்று வட்டாரமும் சேர்ந்த பகுதியின் கதை. அங்கே டீசலுக்கு 10, பெட்ரோலுக்கு 15 என்று பசுமைத் தீர்ப்பாயம் போட்டதை 2018ல் சுப்ரீம் கோர்ட்டும் உறுதி செய்தது. தமிழ்நாட்டில் தனியார் காருக்கு அப்படி எதுவும் இல்லை. எஃப்சி எனும் தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்து ஓட்டலாம். 2022 ஏப்ரலில் காருக்கான கட்டணம் 600லிருந்து 5,000 ஆனது, மேலே பசுமை வரி. கட்டாயமாக உடைப்பது அரசு வண்டிகளை. என் 87 பத்மினி இன்று காலை பால் வாங்கப் போய்வந்தது.

டோல்கேட்_துரை · 10.57

உங்கள் பத்மினி விடும் புகையில் தெருவே இருட்டாகியிருக்கும். அதையெல்லாம் பெருமையாகச் சொல்கிறீர்கள்.

பியட்_பத்மினி_87 · மூத்த உறுப்பினர் · 11.01

புகைச் சோதனைச் சான்றிதழ் இருக்கிறது. உங்களிடம் இருக்கிறதா?

டோல்கேட்_துரை · 11.04

என்னுடையது எலக்ட்ரிக் ஸ்கூட்டர்.

கிண்டி_கிளட்ச் · 11.06

இரண்டு பேரும் தனி இழை தொடங்குங்கள். மூணாவது மாடி, எங்கே போனீர்கள்? ஸ்கேன் பண்ணவில்லையே?

மேடவாக்கம்_அக்கா · 11.30

பதில் இல்லையே. தம்பி, பணம் ஏதாவது போயிருந்தால் உடனே 1930க்கு அடியுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் போன பணத்தை நடுவழியில் நிறுத்தி வைக்க முடியும்.

மூணாவது_மாடி · மதியம் 1.48

இங்கே கேட்பதற்கு முன்பே ரெக்கவரி வண்டிக்கு என்று 1,999 அனுப்பிவிட்டேன். எல்லாரும் திட்டுவீர்கள் என்று சொல்லவில்லை. க்யூஆரை ஸ்கேன் பண்ணவில்லை. "நேரில் வந்து பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுங்கள்" என்றேன். கத்திவிட்டு பிளாக் செய்துவிட்டார். 1930ல் புகார் எண் கொடுத்திருக்கிறார்கள். ஆர்சியில் பேங்க் பெயர் இருக்கிறது, லோன் 2012லேயே முடிந்தது. அது பிரச்சினையா?

ஸ்பேனர்_செட் · 1.55

தவணை தவணையாகத்தான் சொல்வீர்களா? பிரச்சினைதான். எச்பி, அதாவது ஆர்சியில் இருக்கும் பேங்க் கடன் பதிவு, கேன்சல் ஆகாத வண்டியை யார்டில் எடுக்க மாட்டார்கள். பேங்கில் ஆட்சேபணை இல்லை என்ற என்ஓசியும், கடன் பதிவை நீக்கும் ஃபார்ம் 35ம் வாங்கி ஆர்டிஓவில் கொடுங்கள். பழைய என்ஓசி வீட்டில் இருந்தாலும் தேதி போய்விட்டது என்பார்கள், புதிதாகவே கேளுங்கள். ஆர்சி போட்டோ வெளியே போயிருப்பதையும் புகாரில் சேருங்கள். அந்த நம்பருக்கு சலான் ஏதாவது விழுகிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

மேடவாக்கம்_அக்கா · 2.10

நாளைக்குள் இதெல்லாம் நடக்காது. அசோசியேஷனுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து ஒரு மாதம் தவணை கேளுங்கள், புகார் எண்ணையும் அதில் போடுங்கள். கொடுப்பார்கள். நான் இரண்டு வருஷம் எங்கள் அசோசியேஷனில் செயலாளராக இருந்தவள், காகிதத்தைப் பார்த்தால் அடங்கிவிடுவோம்.

பியட்_பத்மினி_87 · மூத்த உறுப்பினர் · 2.26

1,999 போனதோடு தப்பித்தீர்கள். அடுத்தமுறை முதலில் தேடுங்கள்.

மூணாவது_மாடி · ஆறு வாரம் கழித்து

வண்டி போய்விட்டது. யார்டுதான். 19,200 பேங்கில் வந்தது. 1,999 வரவில்லை. அம்மா கீழே இறங்கி வரவில்லை, பால்கனியிலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் நன்றி.

ஸ்பேனர்_செட் · அதே நாள்

நல்லது. உடைத்த சான்றிதழ் கைக்கு வந்துவிட்டதா? அரசின் வாகன் இணையதளத்தில் ஆர்சி நிலை என்ன காட்டுகிறது, "ஸ்கிராப்" என்று மாறிவிட்டதா?

சைலன்சர்_சாமி · மறுநாள்

கன்வெர்ட்டரைக் கழற்றினீர்களா, இல்லையா?