ரஷ் ‘மூவிங் பிக்சர்ஸ்’: ஒய்ஒய்ஸட் தொடக்கம் ட்ரம்ஸோட சேர மாட்டேங்குது

சித்தூர்ப்புழை:
கொழிஞ்சாம்பாறையில மூணு பேர் பேண்டுங்க. கிட்டார், பேஸ், ட்ரம்ஸ், அவ்வளவுதான். ரஷ்ங்கற கனடா ராக் பேண்டோட இந்த 1981 ஆல்பத்துல முதல் பக்கம் நாலு பாட்டையும் மேடைக்கு எடுக்கிறோம். ரெண்டு இடத்துல முட்டுது. ஒய்ஒய்ஸட் (YYZ) பாட்டோட தொடக்கம் ரெண்டு சுத்து தாண்டினா கிட்டார் பின்தங்குது. லைம்லைட் பாட்டு சோலோவுல பார் (பிரிட்ஜை அசைக்கிற பிடி) அமுக்கி விட்டதும் சுருதி போயிடுது. ஸ்ட்ராட் மாதிரி கிட்டார், ஆறு திருகு பிரிட்ஜ். வழி சொல்லுங்க.

கல்பாத்திக்காரன்:
டொராண்டோ விமான நிலையத்தோட குறியீடு YYZ, அதை மோர்ஸ்ல புள்ளியும் கோடுமா அடிச்சா வர்றதுதான் அந்த ரிதம். ஆனா மோர்ஸ் ஆப்பைப் பாத்துப் பழகாதீங்க. நிஜ மோர்ஸ்ல கோடு மூணு புள்ளி நீளம், பாட்டுல ரெண்டே. Y-க்கு 2+1+2+2, ஆக ஏழு. Z-க்கு 2+2+1+1, ஆக ஆறு. 7+7+6 = 20 மாத்திரை, அதாவது அஞ்சு அட்சரம்.

கண்ட ஜாதி ஏகம் (ஒரு தட்டு, நாலு விரல், ஆக அஞ்சு அட்சரத் தாளம்) போட்டுக்கிட்டு வாயால சொல்லுங்க:

தகிட தகதிமி | தகிட தகதிமி | தகதிமி தக

Y-ல அடி விழறது த, ட, த, தி. Z-ல த, தி, த, க. தட்டு, சுண்டு விரல் முடிஞ்சு மோதிர விரல் விழறதுக்குக் கால் அட்சரம் முன்னாடியே ரெண்டாவது Y தொடங்கியாகணும். அதை விரலோட சேத்துத் தொடங்கினா 21 மாத்திரை ஆயிடும். உங்க கிட்டார் பின்தங்கறது அநேகமா அங்கதான். Z தொடங்கறது நடுவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் சரிபாதியில.

பிட்ச் ரெண்டே: C, F ஷார்ப். C-யை ஸ-ன்னு வெச்சா மத்தது பிரதி மத்யமம். அந்த உறுத்தல் வேணும்னே வெச்சது, மென்மையாக்காதீங்க.

மீனாட்சிபுரம்_ஸ்ட்ராட்:
முதல்ல எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க. அமுக்கி விட்டதும் சுருதி ஏறி நின்னா நட் (கழுத்து முனையில கம்பி தாங்கற துண்டு) பள்ளத்துல கம்பி சிக்குது. G கம்பிதான் பெரும்பாலும். கம்பியைத் தூக்கிட்டுப் பள்ளத்துல 2B பென்சில் முனையால நல்லாத் தேயுங்க. அடங்கலைன்னா பள்ளம் கம்பிக்குக் குறுகலா இருக்கு, அரம் வெச்சிருக்கற ஆள்கிட்ட குடுங்க. சுருதி இறங்கி நின்னா முறுக்காணியில சுத்து நழுவுது. ரெண்டு மூணு சுத்து போதும், ஒண்ணு மேல ஒண்ணு ஏறக்கூடாது. புதுக்கம்பியை ஒவ்வொண்ணா இழுத்து, சுருதி அசையாம நிக்கிற வரைக்கும் திரும்பத் திரும்ப ட்யூன் பண்ணுங்க.

பாரைக் கீழ அமுக்கினா மட்டும் போதும்னா, பின்மூடியைக் கழட்டி ஸ்பிரிங் பிடிச்ச ரெண்டு திருகையும் இறுக்கி பிரிட்ஜை உடம்போட ஒட்ட வெச்சிடுங்க. மேடையில ஒரு கம்பி அறுந்தாலும் மத்தது கெடாது. மேல இழுக்கிற அசைவு போயிடும். ரஷ் கிட்டாரிஸ்ட் லைஃப்சன் சோலோவுக்கு அது ஒரு நஷ்டம்தான், ஆனா சுருதி இல்லாத சோலோ அதைவிட மோசம்.

மார்கழி தை மாசம் பாலக்காட்டுக் கணவாய்க் காத்து மரத்தைக் காய வெச்சிடும். கச்சேரி அன்னைக்கு மேடையிலயே அரை மணி நேரம் கிட்டாரை வெளிய வெச்சிட்டு அப்புறம் ட்யூன் பண்ணுங்க.

சித்தூர்ப்புழை:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். G-தான், ஏறித்தான் நிக்குது. கல்பாத்தி அண்ணா, 20 சரியா வந்து விழுந்தாலும் Z மட்டும் ஏதோ பிசகுதே?

கல்பாத்திக்காரன்:
2+1+2+1-ன்னு வாசிக்கிறீங்க. கூட்டினா அதுவும் ஆறுதான், அதனால கடைசி அடி சரியாவே விழும், தப்பு ஒளிஞ்சுக்கும். ரெண்டு Y வாசிச்ச கை பழக்கத்துல மூணாவதும் அப்படியே போகும். Z-ஐத் தனியா எடுத்து, “தகதிமி தக” மட்டும் சுத்திச் சுத்தி வாசிங்க.

ஒலவக்கோடு_பேஸ்:
ஆல்பத்துல கீபோர்டும் இருக்கே, அந்த விஷயத்தை யாரும் தொடலையே. ரஷ்ல பேஸும் கீபோர்டும் வாசிச்ச கெடி லீ கைக்கு வேலை இருக்கறப்ப காலால டாரஸ் பெடலை (காலால வாசிக்கிற சிந்த்) மிதிச்சுத்தான் ஈடு கட்டினார். உங்க பேஸ் ஆளுக்கு ஒரு மிடி ஃபுட் கண்ட்ரோலரும் (லேப்டாப் ஒலியைக் காலால இயக்கற பெடல்) லேப்டாப்பும் போதும், நீள ஸ்வரங்களை மட்டும் அதுல போடுங்க. முன்னாடியே பதிஞ்ச பேக்கிங் ட்ராக் வேண்டாம், ட்ரம்மர் காதுல ஓடற தாள க்ளிக்குக்கு அடிமையாயிடுவார். டாம் சாயர் பாட்டு நடுவுல வர்ற ஏழு எண்ணிக்கை சிந்த் வரியை கிட்டார் எடுக்கட்டும், சோலோ தொடங்கினதும் அதை பேஸ் வாங்கிக்கணும்.