ஒரு ஏக்கர் தோட்டத்துக்கு மின்வேலிச் சார்ஜர்: எதை நம்பி வாங்கலாம்?

வெள்ளவத்தைக்காரன்:
வணக்கம். ஹங்வெல்லப் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் காணி இருக்கிறது. மரவள்ளி, வாழை, வற்றாளை, கூடவே நாலு ஆடு. இரவில் காட்டுப்பன்றி வந்து வற்றாளைப் பாத்தியை உழுதுவிட்டுப் போகிறது. பகலில் ஆடுகள் பக்கத்துக் காணிக்குள் பூந்து சண்டை இழுத்து வைக்கின்றன.

மூன்று வரி கம்பி இழுத்துச் சார்ஜர் பூட்டியிருக்கிறோம். பெட்டியில் “20 கிலோமீற்றர்” என்று போட்டிருக்கிறது. டிக் டிக் என்று அடிக்கிறது, பச்சை லைட்டும் மின்னுகிறது. ஆனால் ஆடு கம்பியைத் தலையால் தள்ளிக்கொண்டு போகிறது. மழை பெய்து மண் ஊறினால் கொஞ்சம் அடி விழும், வெயில் நாட்களில் ஒன்றுமே இல்லை. கடையில் 5 ஜூல் (ஒவ்வொரு அடியின் சக்தி அளவு) பெட்டி எடுக்கச் சொல்கிறார்கள், விலை மூன்று மடங்கு. எடுக்கலாமா? கரண்டில் ஓடுவது நல்லதா, சோலாரா?

வவுனியாத் தோட்டம்:
தம்பி, காசை எடுக்க முதல் ஒரு விசயம். மழைக்கு அடிக்கிறது, வெயிலுக்கு இல்லை என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஏர்த்தை. கம்பியில் போகிற கரண்ட் ஆட்டின் உடம்புக்குள்ளால் மண்ணில் இறங்கி, ஏர்த் குச்சி வழியாகப் பெட்டிக்குத் திரும்பி வந்தால்தான் அடி விழும். மண் காய்ந்தால் அந்த வழி அறுந்துவிடும். உங்கள் கதை மறுவளமாக இருந்திருந்தால், அதாவது மழைக்குத்தான் அடி குறைகிறது என்றால், புல்லு கம்பியில் முட்டுகிறது அல்லது இன்சுலேற்றர் வெடித்திருக்கிறது என்று சொல்லியிருப்பேன்.

ஏர்த்துக்கு என்ன அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்வனைஸ் பண்ணிய ஆறடிக் குச்சி மூன்று, ஒன்றுக்கொன்று மூன்று மீற்றர் இடைவெளி. அதுதான் சாதாரண கணக்கு. வீட்டு ஏர்த்திலிருந்து பத்து மீற்றராவது தள்ளி இருக்க வேண்டும்.

சந்தையில் கேட்டவன்:
இவ்வளவு செலவு எதற்கு? எங்கள் ஊரில் 230 வோல்ட் லைனில் ஒரு பல்ப் போட்டு நேரே கம்பிக்குக் கொடுப்பார்கள். பன்றி திரும்பியும் பார்க்காது.

தெஹிவளை வயரிங்:
தயவுசெய்து இதை யாரும் செய்ய வேண்டாம். சட்டவிரோதம் என்பது ஒருபுறம், ஆளைக் கொல்லும். நாட்டில் யானையும் மனிதரும் இப்படிப்பட்ட கம்பியில் சாவது புதிய செய்தி இல்லை. பல்ப் போட்டாலும் ஆள் சாகிற அளவு கரண்ட் ஓடும், அதுவும் நிற்காமல் ஓடும், பிடித்த கையை விட முடியாது. வேலிச் சார்ஜர் வேறு சாமான். கப்பாசிற்றரை நிரப்பி, செக்கனுக்கு ஒருமுறை, ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான நேரம் மட்டும் தட்டும். வோல்ற்றேஜ் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் அடுத்த தட்டுக்குள் கையை எடுத்துவிடலாம்.

கேள்வி கேட்ட தம்பிக்கு: சாதாரண மல்ரிமீற்றரைக் கம்பியில் வைக்காதீர்கள், மீற்றர் போய்விடும். வேலிக்கென்றே இருக்கும் வோல்ற் மீற்றர் ஒன்று வாங்குங்கள். முதலில் வேலியைக் கழற்றிப் பெட்டியை மட்டும் அளக்கவும். பிறகு சார்ஜரை நிறுத்தி, நூறு மீற்றர் தள்ளி இரண்டு மூன்று இரும்புக் கம்பியை மண்ணில் குத்தி வேலியில் சாத்திவிட்டு மறுபடி போடுங்கள். வேலி வோல்ற்றேஜ் 2000க்குக் கீழே இறங்க வேண்டும். அந்த நிலையில் கடைசி ஏர்த் குச்சிக்கும் ஒரு மீற்றர் தள்ளிய மண்ணுக்கும் இடையில் அளந்தால் 300 வோல்ட்டுக்கு மேல் வரக்கூடாது.

வெள்ளவத்தைக்காரன்:
பார்த்தேன். பெட்டி தனியே 7000க்கு மேல் காட்டுகிறது. ஏர்த் குச்சியில் 1400! பூட்டினவர் அடித்திருப்பது இரண்டடி முறுக்குக் கம்பி ஒன்று, அதுவும் ஆட்டுக் கொட்டில் தாழ்வாரத்துக்குக் கீழே, ஒரு சொட்டு மழை படாத தூசி மண்ணில். கையால் ஆட்டினால் ஆடுகிறது. இன்னொன்று, படலையடியில் இரவில் நீலப் பொறி தெரிகிறது.

வவுனியாத் தோட்டம்:
அப்ப சரி, பெட்டியில் பிழை இல்லை. உங்கள் பக்கம் கபுக் மண், கல்லாக இறுகிய செம்மண், குச்சி இறங்க மாட்டேன் என்னும். கொட்டிலோடு மாரடிக்காமல் வாழைக்கு நீர் போகிற வாய்க்கால் ஓரமாக அடியுங்கள், வயரை அங்கே இழுத்தால் போதும். குச்சியும் இறுக்கியும் கல்வனைஸாக இருக்கட்டும், செம்பை இரும்போடு முறுக்கினால் அரித்துவிடும்.

படலையடியில் வீட்டு வயரைப் புதைத்திருப்பார்கள். அந்த உறை இத்தனை ஆயிரம் வோல்ட்டுக்குச் செய்ததில்லை. மின்வேலிக்கான இரட்டை உறை வயர் போடுங்கள். வேறு கசிவு இருக்கிறதா என்று பார்க்க, பழைய ஏஎம் ரேடியோ ஒன்றை நிலையம் இல்லாத இடத்தில் திருகிக்கொண்டு வேலியோரம் நடந்தால், கசியும் இடத்தில் பலமாகப் படபடக்கும்.

பன்றிக்கு அடிக்கம்பி சாணளவு உயரம், அதற்கு மேலே முழங்கால் அளவில் ஒன்று. முள்ளம்பன்றி வந்தால் மூக்கை வைத்தால்தான் அடி விழும், முள்ளில் கரண்ட் ஏறாது. ஆட்டுக்கு நாலாவது வரியும் போட்டால் நல்லது. மயிரும் காய்ந்த குளம்பும் தடுப்பதால் 4000க்குக் குறையாமல் வைத்திருங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
குச்சி மூன்றும் அடித்து, படலை வயரும் மாற்றியாயிற்று. தூர மூலையில் 5600. பெரிய கிடாய் மூக்கை நீட்டிவிட்டுப் பின்வாங்கி நின்று கத்துகிறது. அப்படியென்றால் புதுப் பெட்டி தேவையே இல்லையா?

தெஹிவளை வயரிங்:
இப்போதைக்கு வேண்டாம். ஒரு ஏக்கரைச் சுற்றி நாலு வரி என்றால் ஒரு கிலோமீற்றர் கம்பி, அவ்வளவுதான். ஒரு ஜூல் தாராளம். எப்போதாவது வாங்கினால் கிலோமீற்றர் கணக்கை நம்பாதீர்கள், அது புல்லே முட்டாத ஒற்றைக் கம்பிக்குச் சொல்வது. “வெளியீட்டு ஜூல்” எவ்வளவு என்று கேளுங்கள். பெட்டிக்குள் சேமிக்கிற ஜூலைப் பெரிதாக அச்சடிப்பார்கள், வெளியே வருவது அதைவிடக் குறைவு. ஐஈசி 60335-2-76 என்ற, வேலிச் சார்ஜருக்கான சர்வதேசப் பாதுகாப்புத் தர எண்ணும், உதிரிப்பாகம் கொடுக்கிற ஆளும் இருந்தால் எந்தப் பெயரென்றாலும் எடுக்கலாம்.

வீட்டுக் கரண்ட் பக்கத்தில் இருந்தால் அதில் ஓடும் சார்ஜரே மலிவு, சோலி குறைவு. லைன் இல்லாத காணிக்குத்தான் சோலார். ஒரு ஜூல் பெட்டி 12 வோல்ட் பற்றரியில் நாளைக்கு மூன்று, நான்கு அம்பியர் மணி குடிக்கும். கார் பற்றரி அடிக்கடி அடிவரை இறங்கினால் கெதியில் செத்துப்போகும், அப்படி இறங்கினாலும் தாங்கும் டீப் சைக்கிள் பற்றரி வாங்குங்கள்.

பெட்டிகளைத் தின்பது மின்னல். ஏப்ரலிலும் ஒக்ரோபர், நவம்பரிலும் பின்னேரம் இடி முழங்கத் தொடங்கினால் வேலி வயரையும் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

வெள்ளவத்தைக்காரன்:
நன்றி அண்ணா. ஒரு பக்கம் பாதை, பள்ளிப் பிள்ளைகள் போவார்கள். அங்கே என்ன செய்வது?

தெஹிவளை வயரிங்:
மஞ்சள் பலகை, 20க்கு 10 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், இரண்டு பக்கமும் தெரிகிற மாதிரி. எழுத்துத் தெரியாத பிள்ளைக்கும் விளங்க, கையில் மின்னல் படுகிற படம் போடுங்கள். கீழே சிங்களத்திலும் தமிழிலும் எழுதலாம். முள்ளுக்கம்பிக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் கரண்ட் கொடுக்காதீர்கள், மாட்டினவர் இழுத்துக்கொண்டு வர முடியாது.